மூன்றாம் இலக்கப் புதர்

கடிகார நகரத்தில் என் வேலை
நிராகரிப்பது.
லா ஷோ-தெ-ஃபோன், ஆயிரம் மீட்டர் உயரம்,
மூன்றாம் மாடி, வடக்கு வெளிச்சம்,
கண்ணில் திருகிய உருப்பெருக்கி.
மயிரிழையில் பத்தில் ஒன்று பிசகினாலும்
பற்சக்கரம் இடப்பக்கத் தட்டுக்குப் போகும்.
வலப்பக்கம் போனவை பற்றி
யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அதே கண்ணோடுதான்
செரி நட்டேன்.

மரமில்லை, புதர். வளர்ந்தாலும் தோளுயரம்.
மைனஸ் நாற்பதைத் தாங்கும் என்றது
கழுத்தில் தொங்கிய சீட்டு.
நான் கொண்டுவந்திருந்ததோ
பனி என்ற ஒரே சொல்.
புல்நுனியில் நிற்பதும் பனி,
கதவைத் திறக்கவிடாமல் கிடப்பதும் பனி.
அந்தச் சொல் போதவில்லை அந்தத் தை மாதத்துக்கு:
மைனஸ் இருபத்தேழு. தோட்டத்துக் குழாய் வெடித்தது.
ஐந்து குச்சிகள்
ஒன்றும் நடவாததுபோல் நின்றன.

நாலாம் வருஷம் பழம்.
பக்கத்துத் துண்டு நிலத்து மதாம் பெர்னு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்,
தாளில் கட்டம் போட்டு வந்தார்:
நிறம், எடை, கொட்டை, சாறு, இனிப்பு, புளிப்பு.
பழத்துக்குப் பழம் வாய் கொப்பளித்தோம்.
கொட்டையைத் துப்பி, துடைத்து, நிறுத்தோம்.
சர்க்கரைமானியின் கண்ணாடியில் ஒரு துளி,
வானத்துக்கு நேரே பிடித்தால்
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் கோடு.
முதலாவது பதினெட்டு. ஐந்தாவது பத்தொன்பது,
தேன் பூசிய இருட்டு.

மூன்றாவது
பதின்மூன்றில் நின்றது.
பல் கூசிற்று. காதுக்குப் பின்னால்
யாரோ நூலைச் சுண்டினார்கள்.
மதாம் 'புளிப்பு' என்று எழுதி முடித்துவிட்டார்.
எனக்கு முடியவில்லை.
எந்தப் புளிப்பு? மாங்காயா, பழப்புளியா,
கொறுக்காயா, மூன்று நாள் வைத்த தயிரா?
கட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை.
நூற்றுக்கு முப்பத்தொன்று.
என் இடக்கை தானாக நீண்டது.

பிடுங்கத்தான் இருந்தேன்.
மண்வெட்டியைக் கேதீஸ் யாருக்கோ
இரவல் கொடுத்திருந்தார்.
அது வீடு திரும்புமுன்
நிலம் இறுகிவிட்டது.

மே பதின்மூன்று.
பனிப் புனிதர்களின் நாட்கள் தாண்டட்டும் என்று
இந்த ஊரே தக்காளியை உள்ளே வைத்திருக்க,
என் புதர்கள் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தன.
இரவு மைனஸ் ஐந்து.
படுக்கை விரிப்புகள், போர்வைகள்,
கேதீஸின் மழைக்கோட்டு வரை போர்த்தினேன்.
காலையில் ஒரு இதழ்கூட வாடவில்லை.
சிரித்தேன். பிறகு உருப்பெருக்கியைத் திருகி
ஒரு பூவைப் பிரித்தேன்.
நடுவே சூல்முடி
ஊதி அணைத்த திரியாய்க் கறுத்திருந்தது.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.

மூன்றாவதுக்கு நான் எதையும் போர்த்தவில்லை.
அது பூக்கவே இல்லை.
கடிகார நகரத்தில் ஆறு நாள் பிந்தி,
உதட்டை இறுக்கிய மொட்டுகளோடு
நின்றுகொண்டிருந்தது.

ஓகஸ்டில் இரண்டு கிலோ நானூறு கிராம்.
முழுவதும் அதனுடையது.
பாதியை நசுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு
கேதீஸ் கிண்ணத்தை வழித்துக்கொண்டே
மதிப்பெண் தாளைப் பார்த்தார்:
'இதை வெறும் வாயில் தின்னச் சொன்னது ஆர்?'
மதாம் பெர்னு ஒரு கரண்டி எடுத்தார்.
கண்ணில் நீர். பேச்சில்லை. இன்னொரு கரண்டி.
பிறகு அளவுகோல் கேட்டு வாங்கி
தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்தார்,
தலைப்பு: பூக்கும் நாள்.
முப்பத்தொன்றை மட்டும் அழிக்கவில்லை.
கணக்குப்படி அது சரிதானே என்றார்.

திங்கட்கிழமை
கையுறை மாட்டுமுன் மேற்பார்வையாளர்
என் நகங்களை உற்றுப் பார்த்தார்.
ஊதாக் கறை. மூன்று முறை கழுவியும் போகவில்லை.
'இன்று நீங்கள் பாகங்களைத் தொட வேண்டாம்.'

இடப்பக்கத் தட்டின் பக்கத்தில்
நாற்காலி போட்டு
மாலைவரை உட்கார்ந்திருந்தேன்.
நாக்கின் ஓரம்
இன்னும் லேசாகக் கூசிற்று.